மாமியின் வாயில் ஒரு பரீட்சை

கல்முனையில் பல் சுகாதாரப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன் என்றதும் வீட்டில் வந்த முதல் கேள்வி, "அப்ப டொக்டரா?" இல்லை என்றேன். டொக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பது, பல்லைச் சுத்தம் செய்வது, எப்படித் துலக்குவது என்று சொல்லிக் கொடுப்பது எல்லாவற்றையும் விளக்கினேன். உம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய், மகள் டொக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பு வரை போன முதல் ஆள் நான். பேச்சு கொஞ்ச நாள் அப்படியே ஊருக்குள் உலவட்டும் என்று விட்டுவிட்டேன்.

பயிற்சி நிலையத்துக்கும் பெருமைக்குக் குறைவில்லை. வாசலில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் பெரிய படம். அந்த வயதில் அத்தனை பல் இருக்காது என்று பாடத்தில் படித்தோம். படத்தை யாரும் கழற்றவில்லை.

இறுதிச் செய்முறைப் பரீட்சைக்கு ஒவ்வொருவரும் தம் நோயாளியைத் தாமே கூட்டிவர வேண்டும். அந்த வாயில் காரை இருக்க வேண்டும், அதாவது பல்லில் படிந்து கல்லாகிப்போன அழுக்கு. காரை இல்லையென்றால் பரீட்சை இல்லை, அடுத்த பிரிவினரோடுதான் உட்கார வேண்டும். அடுத்த பிரிவு எப்போது என்று நிலையத்துக்கே தெரியாது. எங்கள் வீட்டிலோ மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு தொடங்கியிருந்தது. இந்தத் தடவை தவறினால் நான் சான்றிதழ் இல்லாமல் சமையலறைக்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

மற்றப் பிள்ளைகள் நோயாளி தேடி சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் அலைந்தார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. வாப்பாவின் தங்கை, என் மாமி, விடிந்ததும் வெற்றிலை போடத் தொடங்கினால் இரவு இஷாத் தொழுகை வரை நிறுத்தமாட்டார். அப்படி ஒரு வாய் கிடைக்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பரீட்சையன்று மாமி பெருநாள் அபாயாவில், அத்தர் மணக்க வந்து இறங்கினார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். முன்பல்லெல்லாம் பளபளவென்றிருந்தன.

"என்ன மாமி செஞ்சீங்க?"

"உமிக்கரியும் உப்பும் போட்டு நல்லாத் தேய்ச்சன் மகள். டொக்டர்மார் பாக்கிற வாய். ஊத்தையோட வந்தா ஒனக்குத்தானே கேவலம்."

பரீட்சகராக வந்திருந்த பெண் டொக்டர் எட்டிப் பார்த்தார்.

"இதில துப்புரவாக்க என்ன இரிக்கு? வேற ஆள் இல்லையா?"

பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் ஊரில் வாசல் கேற்றிலிருந்து முன் ஹோல் வரை கழுவித் துடைப்போம். திரைக்குப் பின்னால் இருப்பதை யாரும் தொடமாட்டோம். மாமி வாயையும் அந்த முறையில்தான் கழுவியிருப்பார் என்று எனக்குப் பட்டது. சின்னக் கண்ணாடியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்பக்கம் திருப்பினேன். அங்கே காரை மதில் கட்டினாற்போல் செங்கல் நிறத்தில் நின்றது. முகமூடிக்குள் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அடுத்தவரின் பல் ஊத்தைக்காக இறைவனைப் புகழ்ந்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

"சரி, செய்ங்க" என்றார் டொக்டர்.

துண்டு துண்டாக அது விழுந்தது. சுரண்டிக்கொண்டே, உமிக்கரி பல்லை அரித்துவிடும், வெற்றிலையை விடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி வந்தேன். முடிந்ததும் மாமி நாக்கால் தடவிப் பார்த்தார்.

"பல்லுக்குள்ளால காத்துப் போகுது. பல்லை அறுத்திட்டாளா டொக்டர்?"

தட்டில் கிடந்த துண்டுகளைக் காட்டினேன். அது தன் வாயிலிருந்து வந்தது என்பதை மாமி ஒப்புக்கொள்ளவில்லை.

பரீட்சையின் கடைசிப் புள்ளிகள் நோயாளி சொல்லும் பதிலுக்கு. டொக்டர் மாமியிடம் திரும்பினார்.

"வீட்ட போய் என்ன செய்யச் சொன்னாங்க?"

"எங்கட புள்ள சின்னதிலேயே கெட்டிக்காரி டொக்டர். சமைக்கவும் தெரியும்."

"அது சரி. பல்லுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மாப்பிள்ளை ஆரும் இரிந்தா..."

நான் கை கழுவும் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். டொக்டர் மறுபடியும் பல்லைப் பற்றிக் கேட்டார்.

"வெத்திலைய விடச் சொன்னா. ஏலா எண்டு தலையாட்டினன். அப்ப போட்டு முடிஞ்சதும் வாய் கொப்புளிச்சி, பின்பக்கமும் பிரஷ்ஷால தேய்க்கச் சொன்னா. உமிக்கரிக்கும் ஏசினா. அவ்வளவு ஏச்சையும் வாயைத் திறந்து வெச்சிக்கிட்டே கேட்டன், ஒரு மறுமொழி சொல்ல ஏலாம."

டொக்டர் குனிந்து எழுதினார். சித்தி. நான் பாஸாகிவிட்டேன். கீழே ஒரு குறிப்பு: நோயாளியுடன் கதைக்கும்போது இன்னும் கொஞ்சம் மென்மை தேவை.

வெளியே வந்து அதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன்.

"உண்மதானே" என்றார்.