வேளாங்கண்ணிச் சிப்பி

"சார், வேளாங்கண்ணி போனவங்க பாறைக்குள்ள எப்படி சார் சிப்பிய வெச்சாங்க?"

செல்லம்மாள் இப்படிக் கேட்டபோது நான் அரியலூரில் டியூஷன் எடுக்கத் தொடங்கி எட்டு வருடம். அவர் சுண்ணாம்புக்கல் மைன்ஸில் கூலி வேலை பார்ப்பவர். அன்று லீவு போட்டுவிட்டு, எட்டாவது படிக்கும் மகள் கவிதாவோடு வந்திருந்தார். மேசைமேல் ஒரு கல்லை வைத்தார். அதில் ஒரு சிப்பி அச்சு அசலாகப் பதிந்திருந்தது.

என்னுடையது ஆல் சப்ஜெக்ட் டியூஷன். ஒரே மாலையில் ஒளிச்சேர்க்கை, அக்பர், வட்டத்தின் பரப்பளவு, இங்கிலீஷில் லீவ் லெட்டர் எல்லாம் வரும். எந்த ஹோம்வொர்க் கேள்விக்கும் உடனே பதில் சொல்லிவிடுவேன். சரியாகத் தெரியாததைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன். திணறினால் வாத்தியாருக்கு மரியாதை போய்விடும் என்று பயம்.

அதற்கு முந்தின வாரம் கவிதாவுக்கு அறிவியலில் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் கிடைக்கும் ஒரு பொருளைப் பற்றி எழுதுக. இந்தக் கல்லைக் காட்டி, "நம்மூர்ல கடலே இல்லையே சார், சிப்பி எப்படி வந்துச்சு?" என்றாள். நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் மூழ்கியிருந்தேன். எங்கள் பக்கத்தில் வேளாங்கண்ணி போகிறவர்கள் பை நிறையச் சிப்பியோடு திரும்புவார்கள். "வேளாங்கண்ணி போனவங்க யாராச்சும் போட்டிருப்பாங்க, எழுது" என்றேன். எழுதிவிட்டாள். அதைப் படித்த டீச்சர், "கதை விடுறியா?" என்று கேட்டு, அறிவியல் கண்காட்சிப் பட்டியலில் இருந்த அவள் பெயரை அடித்துவிட்டார்.

"நாந்தாங்க இத கடப்பாறையால பேத்து எடுத்தேன். அது தெரிஞ்சும், சார் சொன்னாருன்னு எழுதியிருக்கு இந்தப் புள்ள" என்றார் செல்லம்மாள்.

கவிதா என் முகத்தையே பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது எனக்கு.

மறுநாள் செல்லம்மாளோடு மைன்ஸுக்குப் போனேன். வெட்டிய பாறை முழுக்கச் சிப்பிகள். வந்த வேலையை மறந்து தடவித் தடவிப் பார்த்தேன். அங்கிருந்த ஆபீசர் சிரித்தார்.

"இதெல்லாம் ஒரு காலத்துல கடல் சார். பல கோடி வருஷத்துக்கு முன்னாடி. அந்த ஓடெல்லாம் சேர்ந்து இறுகினதுதான் சார் இந்தச் சுண்ணாம்புக்கல்லு."

எட்டு வருடமாகக் கடலின் அடியில் உட்கார்ந்து டியூஷன் எடுத்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை!

நேராகப் பள்ளிக்கூடம் போனேன். "தப்பு என்னோடது மேடம். தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்றேன். டீச்சர் நான் கொண்டுபோன கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கவிதாவின் பெயரை மறுபடி எழுதினார்.

கண்காட்சியில் நடுவர் ஒருவர் அவளிடம், "சரிம்மா, அந்தக் கடல் ஏன் போச்சு?" என்று கேட்டார். நான் பின்னால் நின்றிருந்தேன். சொல்லிக்கொடுக்க ஒரு பொய்ப் பதில் வாய்வரை வந்துவிட்டது.

"தெரியலைங்க சார். கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள் கவிதா, ரொம்பச் சாதாரணமாக. நடுவர் தலையாட்டிவிட்டு மார்க் போட்டார்.

டியூஷன் எடுக்க வருகிறவர்கள் பாடம் நடத்துவதற்கு முன்னால் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பழக வேண்டும். நான் அடுத்த நாள்தான் பழகினேன். ரயில் தண்டவாளத்தில் ஏன் ஜல்லி கொட்டுகிறார்கள் என்று ஒரு பையன் கேட்டான்.

"தெரியலப்பா" என்றேன்.

கவிதாதான் எழுந்தாள். "ஸ்டேஷன் பக்கந்தானே சார், வாங்க, போய்க் கேப்போம்."

அன்று டியூஷன் ஸ்டேஷன் மாஸ்டர் ரூமில் நடந்தது.