சொல்லாமல் எழுந்து வந்தேன்

என் பால்ய சிநேகிதி கமலாவின் படத்துக்கு முன்னால் நல்லெண்ணெய் விளக்கு எரிந்தது. அந்த வாசம் பழைய சாவு வீடு ஒன்றை நினைவுபடுத்தியது.

வியட்நாமில், சைகோனில் அவள் சித்தப்பா இறந்தபோது எங்களுக்கு ஒன்பது வயது. சர்ச்சுக்குப் போகும் எங்கள் வீட்டில் துக்க வீட்டு வழக்கம் எதையும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. பாயில் அழுதுகொண்டிருந்த அவள் அத்தைகளிடமும் பெரியம்மாக்களிடமும் மரியாதையாக, "போயிட்டு வரேன்" என்றேன். அழுகை சட்டென்று நின்றது.

"சாவு வீட்டுல அப்படிச் சொல்லக் கூடாதுடி! இன்னொரு சாவு வரும்" என்றாள் கமலா.

அவள் அப்பா அன்று வுங் டாவிலிருந்து திரும்ப வேண்டும். போர்க்காலம்; வழியெல்லாம் கண்ணிவெடி. அவர் வரும்வரை வாசலிலேயே நின்றேன். பொழுது சாய்ந்ததும் வந்து இறங்கினார்.

"இன்னும் வீட்டுக்குப் போகலியாம்மா?"

வீட்டுக்கு ஓடினேன்.

அதன்பின் கமலாவிடம் சொல்லிக்கொள்ளாமல் ஒருநாளும் கிளம்பியதில்லை. இன்றுதான் சொல்லாமல் எழுந்து வந்தேன்.