நான் பட்ட முப்பத்தாறு மணி நேரம்

போன சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், நீல நிற யோகா மேட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் மூச்சு விடக் கற்றுக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்துமூன்று வயது. இதுநாள் வரை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே விட்டுக்கொண்டிருந்த மூச்சு. "அம்மா, நீங்க தப்பா விடுகிய" என்றார் வகுப்பு எடுக்கும் ஜாஸ்மின் சிஸ்டர்.

கர்ப்பிணிகளுக்கான வகுப்பு அது. கர்ப்பிணி நான் இல்லை — என் மகள் அபிராமி. எட்டு மாதம் முடிந்துவிட்டது. மருமகன் மஸ்கட்டில். அவருக்கு லீவு கிடைப்பது பிரசவத்துக்குப் பிறகுதான். துணைக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும், அவரும் எல்லாப் பயிற்சியும் செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்து ஆடினேன். துணிப் பொம்மைக்கு டயாபர் கட்டினேன். மகளின் இடுப்பைத் தடவிவிட்டேன்... அதிலும் தப்பு கண்டுபிடித்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கே பாடமா என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

எதற்காக இந்த வகுப்பு? வளைகாப்பு முடிந்து, தோவாளையில் மாமியார் வீட்டிலிருந்து பூதப்பாண்டிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்தே அவளுக்கு ஒரு வெப்ராளம். எங்கள் ஊர்ச் சொல் அது. பதற்றம், படபடப்பு, வயிற்றில் புளியைக் கரைப்பது எல்லாம் சேர்ந்தது.

ஒவ்வொரு செக்கப்பிலும் டாக்டரிடம் ஒரே கேள்வி. "டாக்டர், எனக்கு ஆபரேஷனே பண்ணிருங்களேன்."

டாக்டர் ஸ்கேனைப் பார்ப்பார். தலை திரும்பியிருக்கிறது, பிரஷர் சரி, சுகர் சரி. "தேவைப்பட்டா பண்ணலாம்மா. இப்போ எதுக்கு?" என்பார். மூன்றாவது தடவையும் அவள் கேட்டதும்தான், "முதல்ல மாடிக்குப் போய் நாலு வாரம் கிளாஸ்ல உக்காருங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஆபரேஷன் மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. தேவையென்றால் பண்ணித்தானே ஆக வேண்டும். ஆனால் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, மஸ்கட்டுக்குப் போன் போட்டு அழுகிறாள் — இதற்கு எந்த ஆபரேஷன்?

சனிக்கிழமை வகுப்பில் பயம் கொஞ்சம் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஏறிவிடும். காரணம், எங்கள் ஊர் மரியாதை.

பிள்ளைத்தாச்சியைப் பார்க்க வெறுங்கையோடு யாரும் வர மாட்டார்கள். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, ஏத்தங்காய் சிப்ஸ் என்று டப்பா டப்பாவாக வரும். ரொம்ப நல்லது. டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன? போக மாட்டார்கள். உட்கார்ந்து, காப்பி குடித்து, தங்கள் பேறுகாலக் கதையையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

பக்கத்து வீட்டு சரஸ்வதி மைனி வந்தார். "நீ தைரியமா இரு மக்களே" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் பின்னால் நல்லது எதுவும் வராது.

"எனக்கு மூத்தவனுக்கு ரெண்டு நாளுல்லா. ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாவ. தலை சொரைக்கா மாதிரி நீண்டு போச்சு. இப்ப நல்லாத்தான் இருக்கான், கேட்டியா."

அபியின் கையில் பாதி முந்திரிக்கொத்து இருந்தது. மீதியை அவள் தின்னவே இல்லை.

"மைனி, பிள்ளைகிட்ட இதையெல்லாம் எதுக்குச் சொல்லுகிய?" என்றேன்.

"உள்ளதைத்தானே சொன்னேன். நாளைக்கு யாரும் சொல்லல்லியேன்னு இருக்கப்பிடாதுல்லா."

பெண்கள் மட்டுமா? என் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் வந்தார். தன் மனைவி பட்ட பாட்டை முக்கால் மணி நேரம் சொன்னார். அந்த அம்மாள் உள்ளே கிடந்து துடித்தபோது இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் முதல் நானும் ஒரு சட்டம் போட்டேன். டப்பாவை வாசலிலேயே வாங்கிக்கொள்வது. பிள்ளை தூங்குகிறாள் என்று சொல்வது. காலை பதினோரு மணிக்கும் தூங்குகிறாள், சாயங்காலம் ஐந்து மணிக்கும் தூங்குகிறாள். அப்படி என்ன தூக்கம் என்று தெருவில் பேச்சானது. ஆகட்டும்.

இந்த ஜனங்களுக்கு வாயை அடக்கத் தெரியாதா, ஒரு பிள்ளையைப் பயமுறுத்துகிறோமே என்ற அறிவு வேண்டாமா என்று வீட்டுக்காரரிடம் தினமும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தார். திரும்பவும் பேப்பருக்குள் போய்விட்டார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் போன சனிக்கிழமைதான் புரிந்தது.

அன்றைக்கு மூச்சுப் பயிற்சி முடிந்ததும், ஜாஸ்மின் சிஸ்டர் கர்ப்பிணிகளுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். அவர் குலசேகரம் பக்கத்துக்காரர். பேச்சிலேயே ஒரு ராகம் இருக்கும். பயத்தைப் பேடி என்பார்.

"மனசுல உள்ள பேடியை எழுதுங்க. பேரு வேண்டாம். வெளிய வந்தாத்தான் பாதி போவும், கேட்டியளா?"

எட்டுப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். சிஸ்டர் ஒவ்வொன்றாக வாசித்துப் பதில் சொன்னார். ஒருத்திக்கு ஊசி பயம். ஒருத்திக்கு, பஸ்ஸில் போகும்போது பனிக்குடம் உடைந்துவிடுமோ என்று பயம். ஒருத்திக்கு, வலியில் மாமியாரை ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று பயம். ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஐந்தாவது சீட்டு.

"எங்க அம்மாவுக்கு என்னைப் பெறும்போது முப்பத்தாறு மணி நேரம் நோவு. டாக்டரே கைவிட்டுட்டாங்க. பிழைச்சது மறுபிறவின்னு அம்மா சொல்லுவாங்க. எனக்கும் அம்மாவோட உடம்புவாகுதான். எனக்கும் அப்படி ஆனா?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து மேட்டில் மகளோடு இருந்த ஒரு அம்மாள், "ஐயோ பாவம், எந்த மகராசியோ" என்று உச்சுக் கொட்டினாள்.

அந்த மகராசி நான்தான்.

வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு அந்த முப்பத்தாறு மணி நேரம் பழக்கமானதுதான். இங்கேயே இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். வாசித்துவிட்டு அழுததாக மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கக் கடிதம் போட்டிருந்தார். முதலில் அவரிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையில் அது ஐந்தரை மணி நேரம்.

ஆமாம். நாலு மணிக்கு நோவு, ஒன்பதரைக்குப் பிள்ளை. டாக்டர் கைவிடவில்லை. டீ குடிக்கப் போயிருந்தார்.

ஐந்தரை எப்படி முப்பத்தாறு ஆயிற்று? ஒரே நாளில் ஆகவில்லை. கல்யாண வீட்டில் நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் பேறுகாலக் கதை வராமல் போகாது. ஒருத்தி இருபது மணி நேரம் என்பாள். அடுத்தவள் இரண்டு நாள் என்பாள். அங்கே போய் நான் ஐந்தரை என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? "உனக்கென்ன, சுகப்பிரசவம்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். பட்ட வலிக்கு ஒரு மரியாதை வேண்டாமா? முதலில் ராத்திரி முழுக்க என்றேன். பிறகு ஒரு நாள் என்றேன். அபி ஒன்றாம் வகுப்புக்குப் போகும் சமயத்தில் முப்பத்தாறில் வந்து நின்றது.

ஒரு பெண் பட்ட கஷ்டத்தை நம் ஊரில் நாலு பேர் உட்கார்ந்து கேட்பது இந்த ஒரு விஷயத்தில்தான். கேட்க ஆள் கிடைத்ததும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிடுகிறோம். பக்கத்தில் ஒரு சின்னப் பெண்பிள்ளையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறதே என்று யார் நினைத்தோம்?

வகுப்பு முடிகிற நேரத்தில் அடுத்த இடி. பிரசவ அறைக்குள் கூட இருக்கப்போகிறவரின் பெயரை ஃபார்மில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. அபி எழுதினாள். எட்டிப் பார்த்தேன். அவள் மாமியார் பெயர்.

"ஏட்டி, இது என்னது?"

"அத்தைகிட்ட கேட்டாச்சும்மா. வாறேன்னுட்டாவ."

"தலைப்பிரசவம் தாய் வீட்டுப் பொறுப்புல்லா? நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போது அவியளைக் கூப்பிட்டா ஊரு என்ன சொல்லும்?"

"அத்தை ஒண்ணும் பேச மாட்டாவ. கையைப் பிடிச்சுட்டு நிப்பாவ. எனக்கு அது போதும்."

சம்பந்தியம்மா அப்படித்தான். தோவாளையில் பிச்சிப்பூ போட்டிருக்கிறார்கள். பறிப்பதும் மார்க்கெட்டுக்கு அனுப்புவதுமாக ஓடிக்கொண்டே இருக்கும் மனுஷி. இரண்டு ஆண்பிள்ளை பெற்றவர், ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்தது கிடையாது. எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஒன்றுமே சொல்லாமல் இருந்தே என் இடத்தைப் பிடித்துவிட்டாரே...

திரும்பி வரும்போது காரிலேயே போட்டு உடைத்துவிட்டேன். "மக்களே, அது முப்பத்தாறு இல்ல. அஞ்சரைதான்."

"என்னைத் தேத்துறதுக்காகச் சும்மா சொல்லாதம்மா."

"சத்தியமாட்டி."

"இப்ப நீதான் பட்ட கஷ்டத்தைக் குறைச்சுச் சொல்லுகே. எனக்குத் தெரியும்."

கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷம் பொய் சொன்னபோது நம்பினவள், உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

காரை ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைச் சாட்சிக்கு இழுத்தேன். "நீங்க சொல்லுங்க. அன்னைக்கு நீங்கதானே என்னைக் கூட்டிட்டுப் போனிய?"

"நீ எத்தனை மணி நேரம்னு சொல்லுகியோ, அத்தனை மணி நேரம்" என்றார்.

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு ஒரு உண்மையைக்கூட நிரூபிக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் என் தங்கை சுந்தரிக்குப் போன் போட்டேன். அபி பிறந்த அன்று பகலில்தான் சுந்தரியின் கல்யாணம். அதையும் நான் விடவில்லை, கதையில் சேர்த்திருந்தேன். முந்தின நாளே நோவு தொடங்கிவிட்டது, தங்கச்சி கல்யாணம் கெட்டுப்போகக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன் என்று சொல்லி வைத்திருந்தேன். "ஆல்பத்துல பந்தி போட்டோ ஒண்ணு உண்டும்லா, அதை அனுப்பு" என்றேன். பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்பில் வந்தது.

இலை முன்னால் நான். வயிறு மேஜையை இடிக்கிறது. இலையில் போளி, போளி மேல் பாயசம். வாய் கொள்ளாத சிரிப்பு. பரிமாறுகிறவரிடம் இன்னும் விடச் சொல்லிக் கை காட்டுகிறேன்.

கூடவே சுந்தரியின் வாய்ஸ் மெசேஜ். "அக்கா, இந்தப் போட்டோவைப் பாத்து எங்க வீட்டுல இப்பவும் சிரிக்காவ. நாலு போளி தின்னியே. சாயங்காலம் நாங்க கார்ல ஏறும்போதுதான் இடுப்பு நோவுதுன்னு சொன்ன."

அபி போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். என் முகத்தை, இலையை, மறுபடியும் என் முகத்தை.

"இது நோவுல இருக்கிறவ மூஞ்சியா?"

"இல்ல."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வருஷா வருஷம் எம் பிறந்தநாளுக்கு இந்தக் கதையைச் சொல்லுவ. கேக் வெட்டினதும் எல்லாரும் கை தட்டுவாவ. நான் உங்கிட்ட மன்னிப்பு கேக்கணுமோன்னு நினைச்சுட்டு நிப்பேன். ஆறு வயசுலேருந்தே அப்படித்தாம்மா."

வாரா வாரம் ஒரு பக்கத்தை நிரப்புகிறவளுக்கு இரண்டு வார்த்தைதான் கிடைத்தது. "தப்புத்தான் மக்களே" என்றேன்.

போனை என்னிடம் நீட்டிக்கொண்டே அவளே கேட்டாள். "சரி. உண்மையிலேயே என்ன நடந்துச்சு?"

முதல் தடவையாகக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நோவு நிஜம். லேசாகத் தொடங்கி, விட்டுவிட்டு வந்து, கடைசி ஒரு மணி நேரம் தாங்க முடியவில்லை. தின்ன போளியையெல்லாம் வாந்தி எடுத்தேன். அவள் அப்பாவைக் கண்டபடி ஏசினேன். நோவு விட்ட இடைவெளியில் கண் அசரக்கூடச் செய்தேன். பேர் தெரியாத ஒரு நர்ஸ் என் கையைக் கடைசி வரை விடவே இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த நர்ஸைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் கைவிட்ட கதையில் அவளுக்கு எங்கே இடம்?

"பயமா இருந்துச்சா?"

"ரொம்ப."

"அப்புறம்?"

"அப்புறம் நீ பிறந்துட்ட. பயம் எங்க போச்சுன்னு தெரியல்ல."

அன்று சாயங்காலம் தானாகவே அடுக்களைக்கு வந்து, தோசை இருக்கிறதா என்றாள்.

செவ்வாய்க்கிழமை செக்கப். ஆபரேஷன் பேச்சே எடுக்கவில்லை. டாக்டருக்கே ஆச்சரியம். "என்னம்மா, பயம் போயாச்சா?"

"பயம் இருக்கு டாக்டர். ஆனா இது என்னோட பயம். முன்ன இருந்தது அம்மாவோடது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் பைய ஆரம்பித்தேன். அந்த ஃபார்ம்... ஜாஸ்மின் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று.

"மாத்த மாட்டேன். அத்தை பேரு அத்தை பேருதான்" என்றாள். "நீ வெளிய இரு. பிள்ளையை முதல்ல உங்கையிலதான் குடுக்கச் சொல்லுவேன். ஆனா ஒண்ணும்மா... எத்தனை மணி நேரமாச்சு, எப்படி ஆச்சுன்னு யாரு வந்து கேட்டாலும், எங்கிட்ட கேக்கச் சொல்லணும்."

ஆகவே வாசகர்களே, நீங்களும் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.