ஓதீல் மெருகு போட்ட மோதிரம்

ஓதீல் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் கல்யாண விருந்தில். மோன்த்ரேயில் என் மாமியார் வீட்டு முற்றத்தில் மேசை போட்டிருந்தார்கள். விருந்தின் கடைசியில் வருகிற பாலாடைக்கட்டித் தட்டு வந்த பிறகும் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. யாருக்கு என்று கேட்டேன். என் வீட்டுக்காரரின் சித்தி மகள் ஓதீலுக்காம். வாந்தோம் சதுக்கத்து நகைக் கடை ஒன்றுக்கு மெருகு போடுகிறவளாம். கைக் கறுப்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவதற்குள் விருந்தே முடிந்துவிடும் என்று மாமியார் சிரித்தார். கடைசியில் வந்தாள். கழுவிக் கழுவி விரல்கள் சிவந்திருந்தன. நக இடுக்கில் கறுப்பு அப்படியே இருந்தது.

அப்போது அவளுக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை அர்மான், வெர்சாயில் துணிக்கடை வைத்திருந்த லெஸ்கூர் வீட்டு மூத்த மகன். நடனக் கூடத்தில் பார்த்து அவள்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றானாம். அந்த வீட்டில் மூத்த மகனைக் கட்டுகிறவளுக்குப் புது மோதிரம் கிடையாது. அர்மானின் பாட்டிக்கு வாங்கிய ஒற்றை வைர மோதிரம்தான் தலைமுறை தலைமுறையாகக் கை மாறும். அதை வாங்கியதும் ஓதீல் வேலை செய்த அதே கடையில்தான். போட்டுவிடும்போதே அவள் மாமியார் மதாம் லெஸ்கூர் சொல்லிவிட்டார்:

“இது உனக்குச் சொந்தம்னு நெனச்சுடாதே. வீட்டுக்குச் சொந்தம். நீ போட்டுக்கிறே, அவ்வளவுதான்.”

அதை என்னிடம் நடித்துக் காட்டிச் சிரித்தாள் ஓதீல். மோதிரத்தின் உள்பக்கம் அவள் பெயரைப் பொறித்திருந்தார்கள். மகன் திபோ பிறந்த பிறகு அவளுக்கு ஒரே ஆசை. அவன் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு அந்த மோதிரத்தைத் தன் கையாலேயே போட்டுவிட வேண்டும்.

திபோ பள்ளிக்கூடம் போகிற வயதில் அர்மான் தன் கடையில் கையுறை விற்கிற பெண்ணோடு போய்விட்டான். குச்சி விரல்காரி என்று ஓதீல் அவளுக்குப் பெயர் வைத்தாள். விவாகரத்து முடிந்ததும் மதாம் லெஸ்கூர் மோதிரத்தைக் கேட்டு நேரிலேயே வந்துவிட்டார். நான் அப்போது ஓதீல் வீட்டு அடுப்படியில் இருந்தேன்.

“அத்தை, என் பையன் பொண்டாட்டிக்கு நானே போட்டு விடறேன். அதுவரைக்கும் பெட்டியவிட்டு வெளிய எடுக்க மாட்டேன்.”

“வீட்ட விட்டுப் போனவளுக்கு வீட்டு மோதிரம் எதுக்கும்மா?”

“போனது உங்க பையன் அத்தை. நான் எங்கயும் போகல.”

ஆனாலும் கழற்றிக் கொடுத்தாள். அதுதான் வழக்கம். வக்கீலும் அதையே சொல்லியிருந்தார்.

பட்டறையில் இன்னொரு வழக்கம் உண்டு. நகை யாருடையது என்று வேலைக்காரர்களுக்குச் சொல்லமாட்டார்கள். எண் எழுதிய உறையில் வரும். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பல வருஷம் கழித்து ஒரு காலையில் ஓதீல் உறையைப் பிரித்தால், உள்ளே அவளுடைய மோதிரம். பொறித்திருக்கும் பெயரை அழிக்கவும், அளவைச் சுருக்கவும், மெருகு போடவும் என்று எழுதியிருந்தது. அளவோ ரொம்பச் சின்னது. குச்சி விரல்காரிக்குத்தான் போகிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அர்மான் இத்தனை நாள் கழித்து அவளை முறைப்படி கட்டப் போகிறான் என்று வெர்சாய்ப் பக்கம் பேச்சும் இருந்தது.

தன் பெயரைத் தானே தேய்த்து அழித்தாள். பிறகு, கல்லைப் பிடித்திருக்கும் தங்க நகங்களின் உள்பக்கத்தில் மெருகு நூலை விட்டு இழுத்து இழுத்துத் தேய்த்தாள். வெளியே பார்த்தால் பளபளப்பு. உள்ளே நகம் காகிதம் போல ஆகிவிட்டது. சோதிக்கிறவரும் பார்த்துவிட்டு, நல்ல வேலை என்று உறையில் போட்டார். கல் தெருவில் விழட்டும், சாக்கடையில் போகட்டும் என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள்.

அடுத்த மாதம் திபோ எலோடி என்ற பெண்ணை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தான். ஓதீல் கடுகுக் குழம்பில் முயல் சமைத்திருந்தாள், என்னையும் கூப்பிட்டிருந்தாள். எலோடி கையுறையைக் கழற்றினாள். ஒல்லி விரல், அதில் அந்த மோதிரம். திபோவின் பாட்டி மதாம் லெஸ்கூரே கூப்பிட்டுக் கொடுத்தாராம். அம்மாவை அசத்த வேண்டும் என்று இரண்டு பேரும் சொல்லாமலே வைத்திருந்தார்களாம்.

ஓதீல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அதக் கழட்டிக் குடும்மா. ஒரு நாள் எங்கிட்ட இருக்கட்டும், பாத்துட்டுத் தர்றேன்.”

எலோடி திபோவைப் பார்த்தாள். அவன் முகம் மாறியது.

“பாட்டி அப்பவே சொன்னாங்கம்மா, நீ கேப்பேன்னு. நான்தான் எங்கம்மா அப்படிப்பட்டவ இல்லேன்னு சண்டை போட்டேன்.”

“அதுக்கில்லடா. கல்லு...”

“கல்லுக்கு என்ன? கடையில இப்பதான சரி பண்ணிக் குடுத்தாங்க.”

அப்போதே உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், யாரை நினைத்துச் செய்தாய் என்ற கேள்வி அந்தப் பெண்ணுக்கு எதிரேயே வரும். குழம்பு ஆறிப்போகிறது, சாப்பிடுங்கள் என்றாள். அவர்கள் போன பிறகுதான் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மறுநாள் திபோவுக்கு ஃபோன் செய்தாள். மோதிரப் பேச்சு என்றதுமே அவன் வைத்துவிட்டான். எலோடி வேலை செய்த பள்ளிக்கூட வாசலுக்கே போய் நின்றாள். அந்தப் பெண் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

குளிர்காலம், எலோடி தினமும் கையுறையை மாட்டிக் கழற்றுகிறவள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் ரயிலிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் மோதிரத்தில் கல் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. திபோ நகைக் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டான். பட்டறைத் தலைவர் பூதக்கண்ணாடியில் நகங்களைப் பார்த்தார், ஓதீலைக் கூப்பிட்டு யார் செய்தது என்று மட்டும் கேட்டார். மகன் பக்கத்தில் நிற்கும்போதே அவள் நான்தான் என்றாள்.

“ஒங்கப்பா கட்டப் போறவளுக்குன்னு நெனச்சுட்டேண்டா.”

“யாருக்குன்னு நெனச்சிருந்தாலும் செஞ்சது நீதானம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்றே வேலை போனது. மதாம் லெஸ்கூர், பெற்ற மகன் வாழ்க்கையிலேயே மண்ணைப் போட்டவள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கல்யாணத்துக்கு எங்கள் பக்கத்து உறவில் என்னை மட்டும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அர்மான் அந்தக் குச்சி விரல்காரியைக் கடைசிவரை கட்டவே இல்லை. திபோவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஓதீல் அவர்களைப் பார்த்ததில்லை.

ஓதீல் இப்போது ட்ரூவா என்ற ஊரில், தன் அக்கா மகள் வீட்டின் பின்னறையில் இருக்கிறாள்.