தொலைநோக்குத் தலைவர்

சீசன் முடிந்தால் எனக்கு வேலை இல்லை. போடியில் ஒரு மண்டியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன். குரங்கணி மலையில் காயெடுப்பு நின்றதும் மண்டி காற்று வாங்கும். நான் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அதனால் மதுரையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்கு, தரம் பார்க்க நிரந்தரமாக ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உத்தியோகஸ்தர்கள் தங்களைப் பற்றி எழுதிவைக்கும் இணையதளம் ஒன்று உண்டல்லவா, அதில் என் பக்கத்தை அனுப்பச் சொன்னார்கள்.

திறந்து பார்த்தேன். எண்ணெய் காணாத தலைபோல வறண்டு கிடந்தது. எங்கள் ஊரில் காய்க்கு விலை கண்ணில்தான் தொடங்கும். பச்சை வேண்டும், பருமன் வேண்டும். எழுத்துக்கும் அதே சட்டம்தான் என்று நானாக முடிவுகட்டினேன். ஆங்கிலத்தில் எதைக் கொடுத்தாலும் தடித்தும் சுழித்தும் அலங்கரித்துத் தரும் இலவசத் தளம் ஒன்று கிடைத்தது. பெயரைப் பருமனாக்கினேன். அனுபவத்தைக் கல்யாணப் பத்திரிகை எழுத்துக்கு மாற்றினேன். எழுத்து இவ்வளவு உடுத்தி நிற்கையில் விஷயம் மட்டும் கந்தலோடு நிற்கலாமா? தரம் பிரிப்பவன், வாசனைப் பொருள் துறையின் தொலைநோக்குத் தலைவர் ஆனான்.

அடியில் ஏற்கெனவே தமிழில் ஒரு வரி இருந்தது: ‘ஈரக்காய் வந்தால் வேண்டாமென்று முதலாளியிடமே சொல்லிவிடுவேன்.’ தமிழுக்கு அந்தத் தளத்தில் அலங்காரம் கிடையாதாம். கொடுத்தது கொடுத்தபடி திரும்பி வந்தது. அழிக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டு, பக்கத்தைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு மத்தியானம், மண்டியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கம்பெனியில் ஆள் எடுக்கும் அம்மா போனில் பேசினார்.

“சார், எனக்குப் பார்வை இல்ல. போன்தான் எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டும். நீங்க அலங்கார எழுத்து போட்டிருக்கீங்க போல, அது எழுத்துன்னே அதுக்குத் தெரியல. உங்க பேருல ஒவ்வொரு எழுத்துக்கும் ‘கணிதக் குறி, தடித்த எழுத்து’ன்னு சொல்லுது. அனுபவத்துக்கு வந்தா சத்தமே இல்ல. கடைசியில தமிழ் மட்டுந்தான் கேட்டுச்சு. மத்ததை நீங்களே சொல்லிருங்களேன், தமிழ்லயே.”

சொல்லாவிட்டால் வேலை போச்சு. வெளியே போகலாமென்றால் வாசலில் ஜீப்பில் லோடு ஏற்றும் இரைச்சல். அங்கேயே நின்று ஆரம்பித்தேன்.

“வாசனைப் பொருள் துறையின்... தொலைநோக்குத் தலைவர்.”

காய் பொறுக்கிய கைகள் நின்றன.

“ஏலக்காய் உலகத்தையே மாற்றத் துடிப்பவர்.”

திரையில் ஜொலித்ததெல்லாம் என் வாயிலிருந்து வரும்போது எனக்கே உடம்பு கூசியது. எதிரே இருந்த அக்கா அப்பாவியாக நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு தம்பி அது? நம்ம மண்டிக்குப் புதுசா வர்றாகளா?”

மண்டியே சிரித்தது. போனுக்குள்ளும் சிரிப்பு கேட்டது. வேலை கைநழுவிப் போய்விட்டது என்றே நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அந்தத் தலைவரு எங்களுக்குக் கட்டுப்படியாக மாட்டாரு சார்,” என்றார் அந்த அம்மா. “ஈரக்காயை வேண்டாம்னு சொல்றவரு வியாழக்கிழமை வர முடியுமா?”

“வர்றேம்மா” என்றேன்.

போனை வைத்ததும் அக்கா விடவில்லை. “யாரைத் தம்பி வரச் சொன்னாக? அந்தத் தலைவரையா?”

“இல்லக்கா, என்னையத்தான்.”