அவளுக்கு என்ன பிடிக்கும்?

மனைவியின் கல்லறையை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு இடம்பெயர்ந்து, நெடுங்கேணியில் ஒரு கொட்டிலில் தனியாக இருந்தேன். மரித்தோர் நினைவு நாளன்று அவளுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் தீபாவளி. பக்கத்து வளவில் இருந்த மலையகத்துப் பெண் வேலியருகே வந்தார். செத்துப்போன தன் உறவுகளுக்குத் தீபாவளிக்குப் படைப்பது அவர் வழக்கம்.

“ஐயா, உங்க சம்சாரத்துக்கும் ஒரு எலை போடுறேன். அவங்களுக்கு என்னா புடிக்கும்?”

‘நாங்கள் வேதக்காரர், படைக்கிறதில்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடமாக அவள் எனக்குப் பிடித்ததைச் சமைத்தாள், மிஞ்சியதைச் சாப்பிட்டாள்.

“தோசை எண்டால் அவவுக்கு உயிர்,” என்றேன். தோசை எனக்குத்தான் உயிர்.

அந்தப் பொய்யைச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். இருபது வருடம் அவளிடம் கேட்காமல் இருந்ததை இன்னும் சொல்லவில்லை.