ஆளை இடிக்கும் கதவு

அந்த முதியோர் இல்லத்தின் தலைமை நர்ஸுக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் சைரன். ஆள் மாடிப்படியில் இருக்கும்போதே குரல் கீழ்த்தளத்துக்கு வந்து சேர்ந்துவிடும். கெட்ட மனுஷி அல்ல. அங்கே இருந்த பெரியவர்களில் யாருக்கு என்ன ஆனாலும் பதறிப்போவார். பதற்றம் முழுக்கக் கத்தலாக வெளியே வரும், அதுதான் கஷ்டம்.

வேலைக்குச் சேர்ந்ததுமே எல்லோரையும் நிற்கவைத்து, "இங்க யாராவது வழுக்கி விழுந்தாங்கன்னு தெரிஞ்சுது, டூட்டியில இருந்தவங்க அப்படியே வீட்டுக்குக் கிளம்பிரலாம்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு அந்த இல்லத்தில் யாரும் விழுவதே நின்றுபோனது. உரிமையாளர் புகழ்ந்து தள்ளினார். சைரனுக்குத் தலைகால் புரியவில்லை.

"கண்டிப்பா இருந்தா எதுவும் நடக்கும்" என்றார் வீட்டில். பல வருஷமாக அந்தக் கண்டிப்பில் இருக்கும் கணவர், "ஆமாம்மா" என்று டிவி சத்தத்தைக் குறைத்தார்.

ஒரே ஒரு தொல்லை, கீழ்த்தளத்துக் குளியலறைக் கதவு. ஒருநாள், அங்கே தங்கியிருந்த ரிட்டயர்டு தலைமையாசிரியர் நெற்றியில் புடைப்போடு உட்கார்ந்திருந்தார். சைரன் கேட்பதற்குள் ஆயாம்மா முந்திக்கொண்டார்: "கதவு இடிச்சிருச்சு சிஸ்டர்." ஆயாம்மா பிள்ளைகுட்டிக்காரி, அவர் வேலை போகவேண்டாம் என்று தலைமையாசிரியரும் தலையாட்டினார். அடுத்து தையல்காரம்மாவுக்கு முழங்கையில் அடி. கதவுதான். அதற்கப்புறம் பழைய லாரி டிரைவருக்கு இடுப்பு.

"கதவு எப்படிங்க இடுப்புல இடிக்கும்?"

"பின்னால வந்து இடிச்சிருச்சு சிஸ்டர். ஹாரன்கூட அடிக்கல."

சைரன் தச்சரை வரவழைத்தார். அவர் கதவைக் கழற்றினார், மாட்டினார், திறந்து மூடிப் பார்த்தார். "கதவு தங்கமா இருக்குங்க."

"அப்ப மூணு பேரும் பொய் சொல்றாங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. கதவு மேல தப்பு இல்ல."

தச்சர் போனதும், நாமே பார்த்துவிடுவோம் என்று சைரன் உள்ளே கால் வைத்தார். வாசலில் தேங்கியிருந்த தண்ணீர் கண்ணில் படவில்லை. கால் ரெண்டும் மேலே போக, தொப்பென்று விழுந்தார். ஆயாம்மா ஓடி வந்து தூக்கி உட்காரவைத்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் காதோரம் சொன்னார்:

"பயப்படாதீங்க. கதவு இடிச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

சைரன் கத்தவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். உரிமையாளர் முகம் நினைவுக்கு வந்தது. கதவு மேலேயே பழியைப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் அவருக்கே ஆசையாகத்தான் இருந்தது.

"எல்லாரும் இங்கதான் விழுந்தாங்களா?"

"வேலை போயிருமா சிஸ்டர்?"

"போறதா இருந்தா முதல்ல என் வேலைதான் போகணும்."

மறுநாள் காலை நொண்டிக்கொண்டே வந்து எல்லோர் முன்னாலும் நின்றார். "நேத்து நான் விழுந்தேன். கதவு ஒண்ணும் பண்ணல. இனிமே யார் விழுந்தாலும் சொல்லுங்க. சொன்னதுக்காக யாரையும் அனுப்பமாட்டேன்."

முதலில் சமையல்காரர், தான் அடுப்படியில் சறுக்கியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்புறம் யாரையும் அடக்கமுடியவில்லை. வார்டு பாய், போன வருஷம் தன் மாமனார் வீட்டில் விழுந்ததைக்கூடச் சொல்லிவிட்டார்.

விஷயம் தெரிந்து உரிமையாளர் பாய்ந்து வந்தார். "ஒருத்தரும் விழாத இடத்துல திடீர்னு இத்தனை பேரா?"

"அப்பவும் விழுந்தாங்க சார். இப்பதான் நம்ம காதுக்கு வருது. வாங்க, நீங்களே நடந்து பாருங்க."

அவர் குளியலறை வாசல்வரை வந்தார். பளபளத்த தரையைப் பார்த்தார். தன் புதுச் செருப்பைப் பார்த்தார். அப்படியே திரும்பிக் கொத்தனாருக்கு போன் போட்டார். கொத்தனார் வந்து பார்த்ததில், தண்ணீர் ஓடவேண்டிய சரிவு வாசல் பக்கமாக இருந்திருக்கிறது. தரையை உடைத்துச் சொரசொரப்பான டைல்ஸ் போட்டு, சுவரில் கைப்பிடியும் வைத்தார்கள்.

சைரனின் குரல் மட்டும் குறையவில்லை. ஆனால் இப்போது ஆயாம்மா அதற்கெல்லாம் அசருவதில்லை. எது நடந்தாலும் ஓடிவந்து சொல்லிவிடுகிறார்.

"சிஸ்டர், டிரைவர் ஐயா ரெண்டு தடவை தும்மினாரு."

"சரிம்மா."

"சிஸ்டர், தலைமையாசிரியர் சார் இன்னிக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கல."

சைரன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நல்லவேளை சொன்னே" என்கிறார்.